தம் கட்டாமல் இறங்குவது

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் அவனுக்கு இடுப்பு போனதும், கம்பெனி அவன் உடம்பில் மோட்டார் வைத்த ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டிவிட்டது. தசை எவ்வளவு முறுக்குகிறதோ, சட்டமும் அவ்வளவு முறுக்கித் தூக்கும். அதை மாட்டிய பிறகு பீரோவைத் தலையணை மாதிரி தூக்கினான்.

அன்று மாடியிலிருந்து இறக்கியதும் இரும்புப் பீரோதான். மாடிப்படியில் மேல்முனையில் அவன், கீழ்முனையில் அக்கா புருஷன். திருப்பத்தில் கால் சறுக்க, அவன் பழக்கத்தில் தம் கட்டினான். சுமை கூடிவிட்டதென்று நினைத்த சட்டம் அவனை விறைப்பாக நிமிர்த்தியது. பீரோ கீழே சாய்ந்து மாமாவைச் சுவரோடு அழுத்தியது.

"மாப்ள, நசுங்குறேன்டா."

"இழுத்துத்தான் பிடிக்கிறேன் மாமா, கேக்க மாட்டேங்குது."

"நீ முறுக்க முறுக்கத்தான் அது தள்ளுது. மூச்சை விடு."

"விட்டா உங்க மேல விழுமே?"

"பிடிச்சா மட்டும் நான் பிழைக்கிறேனா? விடு."

விட்டான். தோள் தளர்ந்தது, தொடை தளர்ந்தது. சட்டமும் முனகிக்கொண்டே தளர்ந்து அவனைக் குந்த வைத்தது. கூடவே பீரோ அவன் பக்கம் சாய்ந்து படியில் உட்கார்ந்தது.

மாமா நெஞ்சைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். "அந்தச் சனியனைக் கழட்டு."

"கழட்டினா இடுப்பு நிக்காது மாமா."

இன்னும் பாதிப் படி இருந்தது. மாமா மறுபடி கீழே போய்க் கைகொடுத்தார்.

"அப்ப பேசிக்கிட்டே இறங்கு. பேசுறவனால தம் கட்ட முடியாது."

"என்னத்தப் பேசுறது?"

"உங்கக்காவைப் பத்திப் பேசு. தெரு வரைக்கும் வரும்."

பீரோவைத் தூக்கிக்கொண்டே அவன் ஆரம்பித்தான்.