குஞ்சியம்மாவின் மூன்றாவது அடுப்பு

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் கூடிவிட்டது; ஒன்றைச் சொல்லப்போய் வேறொன்றில் நிற்பேன். கோபிக்காமல் வாசியுங்கள்.

போன கிழமை பக்கத்து வளவில் யாரோ ஊமல் எரித்தார்கள். ஊமல் என்றால் பனங்கொட்டையின் காய்ந்த கோது. இந்தக் காலத்தில் அதை யார் எரிக்கிறார்கள்? "புகை வருது, யன்னலைச் சாத்தட்டோ அம்மா?" என்று மகள் கேட்டாள். "கிடக்கட்டும்" என்றேன். எனக்கு அந்தப் புகையோடு எங்கள் புத்தூர் வளவு வந்துவிட்டது, வீடும் கிணறும் மாட்டுக்கொட்டிலுமாக.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கலியாணமானால் வீட்டை அவளுக்கு எழுதிவிட்டு, பெற்றவர்கள் அதே வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள். என் கலியாணம் யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதற்கு முதல் வருஷமோ, அடுத்த வருஷமோ. ஐயாவும் அம்மாவும் பெரிய வீட்டை எனக்கு விட்டுக் கிணற்றடி மண்வீட்டுக்குப் போனார்கள். நாற்பது அடி தூரம் வராது. அதற்கே அம்மா, தலையணையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஊரைவிட்டுப் போகிறவர் மாதிரித் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

குஞ்சியம்மா அம்மாவின் தங்கை. சின்ன வயதிலேயே புருஷன் போய்விட்டார், பிள்ளையும் இல்லை. அன்றுதொட்டு எங்களோடுதான். வளவில் பாதி அவருடைய சீதனம். அதையும் என் கலியாணத்துக்கு எனக்கே எழுதினார். பத்திரம் எழுத வந்த நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சாகுமட்டும் இருக்கிறதுக்கு உமக்குச் சீவிய உரித்து வைச்சு எழுதட்டோ?" என்று கேட்டார்.

"ஏன் ஐயா, இவள் என்னைக் கலைச்சுப் போடுவாளோ? போ எண்டு சொல்ல முதல் வாய் திறக்கவேணுமே."

எனக்கு வாயில்லை என்பது ஊரறிந்தது. யாராவது பெயர் கேட்டால்கூட அம்மாதான் சொல்லுவார்.

முதல் நாலு மாதம் எல்லோருக்கும் ஒரே அடுப்பு. பிறகு நல்லநாள் பார்த்து மகளுக்கு வேறு உலை வைத்துக்கொடுப்பார்கள். அந்த ஆவணியில் அம்மா புதுப்பானையும் அரிசியும் கொண்டுவந்து, தன் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை என் குசினி அடுப்பில் வைத்தார். "இனி உன்ரை அடுப்பு, உன்ரை பாடு." வளவில் இரண்டு புகை எழும்பியது. குஞ்சியம்மா இரண்டுக்கும் நடுவே முற்றத்தில் நின்றார்.

அவர் படுக்கிறது என் வீட்டு விறாந்தையில். படுக்க ஒருவரையும் கேட்கத் தேவையில்லை. உலை அப்படியல்ல, வா என்று ஒருவர் சொல்லவேண்டும்.

என் வீட்டுக்காரர் அன்று பகலே சொன்னார்: "இஞ்சரும், சின்ன மாமியை எங்களோடை சாப்பிடச் சொல்லும்."

"நீங்கள் சொல்லுங்கோவன்."

"நான் நேற்று வந்த ஆள். நீரெல்லோ சொல்லவேணும்."

நான் சொல்லவில்லை. குஞ்சியம்மா இவ்வளவு காலமும் அம்மாவின் அடுப்பில் சாப்பிட்டவர். நான் கூப்பிட்டால், வீட்டையும் எடுத்து ஆளையும் எடுத்தாள் என்று அம்மாவுக்குப் பட்டுவிடும் என்று பயந்தேன். அம்மாவும் கூப்பிடவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை; அம்மனுக்கு விரதம் என்றார் குஞ்சியம்மா. சனிக்கிழமை சனீசுவரனுக்கு என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குச் சாமி கிடைக்கவில்லை போலும். மாட்டுக்கொட்டில் ஓரம் மூன்று கல்லை வைத்து ஒரு சின்னப் பானையில் உலை வைத்தார். காலையில் சிரட்டையோடு நெருப்பெடுக்க வருவார். ஒருநாள் அம்மாவின் அடுப்பில், மறுநாள் என் அடுப்பில். முறை மாறவே மாறாது. கறி கொடுத்தால் வாங்குவார். பின்னேரம் அதே கிண்ணத்தில் தன் கறியைப் போட்டு அனுப்புவார், அயலட்டைச் சனம் மாதிரி.

அடுத்த வளவுப் பொன்னம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்னடி, உங்கடை வளவிலை மூண்டு புகை? மடம் கிடம் நடத்திறியளோ?"

"ஓம். ஏதனத்தோடை வா, உனக்கும் ஊத்திறன்" என்றார் குஞ்சியம்மா. நானும் சிரித்தேன். சிரிப்பு மட்டும் எனக்கு வந்தது.

கார்த்திகை மழை ஒருநாள் காலையிலேயே பிடித்தது. கொட்டிலோரம் வெள்ளம் வந்து அடுப்பு அணைந்துபோனது. குஞ்சியம்மா அரைவேக்காட்டுப் பானையை மடியோடு அணைத்துக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நனைந்துகொண்டு போய் நின்றேன்.

"எங்களோடை வந்து சாப்பிடுங்கோ குஞ்சியம்மா."

"அடுப்பு நனைஞ்சதெண்டு கூப்பிடுறியோ, நான் வேணுமெண்டு கூப்பிடுறியோ?"

சீலைத்தலைப்பால் பானையை வாங்கித் தூக்கிக்கொண்டு குசினிக்கு நடந்தேன். "மெல்லப் போ பிள்ளை, கஞ்சி ஊத்துப்படுது" என்று ஏசிக்கொண்டே பின்னால் வந்தார்.

அம்மா அடுத்தநாள் கிணற்றடியில் சொன்னார்: "இதை நீ அண்டைக்கே செய்வாயெண்டு பாத்துக்கொண்டிருந்தன். அவளின்ரை காணியை எழுதி வாங்கினவள் நீ. நான் கூப்பிட்டால், நீ பாக்கேல்லையெண்டு ஊர் கதைக்கும்."

மார்கழி முழுவதும் குஞ்சியம்மா எங்களோடு சாப்பிட்டார். உப்புக் கூட, புளி குறைய என்று ஒவ்வொரு நாளும் குறை சொன்னார். தையில் காய்ச்சல் வந்தது. ஒரு கிழமை கிடந்தார். அவ்வளவுதான். கூட்டிப் பார்த்தால், என் அடுப்பில் சாப்பிட்டதைவிடத் தனியச் சாப்பிட்ட நாட்கள்தான் கூட.

இப்போது அந்த வளவை மதில் கட்டிப் பிரித்து மூன்று கல்வீடு. கொட்டிலும் இல்லை, மண்வீடும் இல்லை. கிண்ணம் கைமாற மதிலில் ஒரு பொட்டு, ஓர் ஓட்டைகூட இல்லை. ஒரு வீட்டில் யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று மற்ற வீட்டுக்குத் தெரியாது.

குண்டு போட்டது எந்த வருஷம், சீவிய உரித்து என்று நான் எழுதியது சரியான சொல்லோ என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். நான் பிந்திக் கூப்பிட்டதை மட்டும் ஒருவரும் திருத்த வேண்டாம். அதில் எனக்கு மறதியில்லை.