அவிய காலி பண்ணட்டும்

எங்கள் ராஜபாளையம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மொபெட்டில் ஒருவர் வந்தார். புருவம் வரை சுண்ணாம்பு. வெள்ளையடிக்கும் மட்டையை வைக்குமுன் சுவரை இரண்டு தட்டுத் தட்டுவார். கதவைத் தட்டி அனுமதி கேட்பது போல இருக்கும்.

போர்டிகோ மூலையில் மட்டும் ஒரு வட்டத்தை அடிக்காமல் விட்டிருந்தார்.

"ஏண்ணே, அங்க அடிக்கலையா?"

"அவிய காலி பண்ணட்டும் சார். பொறவு வந்து அடிச்சுத் தாரேன்."

எனக்குத் தெரியாமல் என் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று அண்ணாந்தேன். மண்கூட்டிலிருந்து ஒரு தகைவிலான் குருவி எட்டிப் பார்த்தது.

"மனுசன் கூரை போட்ட நாள்லருந்து கூடவே இருக்காவ. நாமளா வெரட்டக் கூடாது" என்றார்.

மறுநாள் மச்சினர் வருவதாக இருந்தது. எங்கள் வீட்டைக் குறை சொல்வதற்கென்றே பஸ் ஏறுகிறவர். மானத்தைக் காக்க நானே ஒட்டடைக் கம்பை எடுத்தேன். ஒரு கொசுவைக்கூடச் சரியாக அடிக்கத் தெரியாத எனக்கு அன்றைக்குப் பார்த்துக் குறி தப்பவில்லை. கூட்டோடு மூன்று முட்டைகள் விழுந்தன.

ஒரு மாதம் கழித்து, சொன்னபடியே வாளியோடு வந்து நின்றார்.

"காலி பண்ணிட்டாவளா சார்?"

"குஞ்சு பொரிச்சுப் பறந்து போயாச்சுண்ணே."

அவர் முகமெல்லாம் சிரிப்பு. அந்த வட்டத்தையும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் அடித்தார். "அடுத்த வருசமும் இங்கதான் வருவாவ, பாருங்க."

இந்த வருடம் எங்கள் தெரு வழியாகப் போனவர், வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார்.

"அவிய வந்துட்டாவளா சார்?"

"இன்னும் வரலண்ணே."

அவரிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதிலும் அந்த 'இன்னும்' பொய்.