கட்டமா, ரயிலா?

ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர்களுக்கும் எனக்கும் தொழில் ஒன்றுதான். அவர்கள் விரிப்பது புடவை, நான் விரிப்பது பாட்டு தயாரிக்கும் சாஃப்ட்வேர். காக்ஸ் டவுன் பக்கத்தில் ஓர் இசைக்கருவிக் கடை. கிடார்களுக்கும் கீபோர்டுகளுக்கும் நடுவே ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூல்தான் என் ராஜ்ஜியம். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எது நல்லது மேடம்?" ஏதோ ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முயன்று நொந்துபோனவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

பெயர் சூட்டு விழா

எங்கள் கடையில் இருக்கும் சாஃப்ட்வேர்களின் வெளிநாட்டுப் பெயர்கள் வாடிக்கையாளர் வாயில் படும் பாட்டைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அதனால் முதலாளி நாகராஜ் சாரும் நானும் சொந்தமாகவே பெயர் வைத்துவிட்டோம். ஒன்று 'ரயில்'. பாட்டு திரையின் இடது ஓரத்தில் கிளம்பி, கோடு கோடாக ஓடி, வலது ஓரத்தில் போய் நிற்கும். நடுவில் யாருக்காகவும் நிற்காது. இன்னொன்று 'கட்டம்'. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் பாட்டின் ஒரு துண்டு. ஒரு கட்டத்தை அழுத்தினால், அடுத்ததை அழுத்தும்வரை அந்தத் துண்டே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். மூன்றாவது இலவசமாகக் கிடைப்பது. அதற்கு 'தர்மம்' என்று பெயர்.

பெயர் வைத்தால் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். புதுப் பெயர்களோடு நான் முதலில் உட்கார வைத்தது ஒரு பாட்டு வாத்தியாரை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மூன்றையும் ஓட்டிக் காட்டச் சொல்லித் தலையாட்டி ரசித்தார். எனக்குத் தொண்டை வறண்டு, நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்த நேரத்தில் மெதுவாகக் கேட்டார்: "எல்லாமே நல்லாத்தான் இருக்கு. இதுலயே ப்ளூ கலர் வருமா?"

கல்யாண வீட்டுக்காரர்கள்

மரியதாஸ் அண்ணனும் செலின் அக்காவும் ஜீவனஹள்ளியிலிருந்து நடந்தே வந்தார்கள். அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் மாதா கோவில் பாடகர் குழுவின் கீபோர்டுக்காரர். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதே குழுவின் முதல் குரல். அந்தக் கோவிலின் பங்கு மக்களில் எந்தப் பெண் கல்யாணத்துக்குக் கோவில் வாசலில் கால் வைத்தாலும், அவள் பீடம் வரை நடந்து வருவது இவர் வாசிக்க அவர் பாடும் வருகைப் பாட்டுக்குத்தான். இப்போது அவர்களுடைய ஒரே மகள் ஜெனிக்கே கல்யாணம். தவக்காலம் முடிந்து, ஈஸ்டர் கழித்து நாள் குறித்தாகிவிட்டது. அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்திருக்கிறது. அப்பா மகளைக் கைபிடித்து அழைத்து வர வேண்டும். அம்மா முன்வரிசையில் நிற்க வேண்டும். அப்படியானால் யார் வாசிப்பது, யார் பாடுவது?

வேறு யாரையாவது வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லிவிட்டேன். மரியதாஸ் அண்ணனின் முகம் விழுந்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் இல்லாத பாட்டுக்கு நடக்கவே மாட்டேன் என்று ஜெனி சொல்லிவிட்டாளாம். அதனால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது என்று முடிவு. பாட்டு அக்கா எழுதியது, மெட்டு அண்ணன் போட்டது. அதுவரை ஒற்றுமைதான். எந்த சாஃப்ட்வேரில் செய்வது என்பதில்தான் குடும்பம் இரண்டாகிவிட்டது. அண்ணனுக்குக் கட்டத்தைப் பார்த்ததும் கண் மின்னியது. அக்கா ரயிலை விட்டு அசையவில்லை; பாட்டை ஆரம்பித்தால் முடிகிற வரை ஒரே மூச்சில் பாடித்தான் அவருக்குப் பழக்கம். அண்ணன் கட்டத்தின் பெருமைகளை அடுக்கி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார்: "பாட்டு என்னா வாழைக்காயாமா, துண்டு துண்டா நறுக்கறதுக்கு?"

ஆராய்ச்சியாளர்

ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை பார்க்கும் ஈரோட்டுத் தம்பி ஒருவர் சனிக்கிழமை தவறாமல் வருவார். உலகத்தில் உள்ள அத்தனை சாஃப்ட்வேரையும் ஒப்பிடும் வீடியோக்களைப் பார்த்து முடித்தவர். எனக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு டிரம் சத்தத்தை மூன்றிலும் போட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். டும். பிறகு இன்னொரு முறை, டும். கடைப் பூனைகூட வெளியே போய்விடும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், எந்த மாதிரிப் பாட்டு செய்யப் போகிறீர்கள் என்று சொன்னால் நானே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் நான் ஏதோ முறை தவறிப் பேசிவிட்டதைப் போல என்னைப் பார்த்தார். "பாட்டா? அதெல்லாம் சாஃப்ட்வேர் முடிவானதுக்கு அப்புறம் யோசிக்கலாம்னு இருக்கனுங்க மேடம்."

முருகனும் நானும்

ரிட்டயர்டு பாங்க் மேனேஜர் ஒருவர் முருகன் மேல் பாட்டு எழுதி, தானே பாடிப் பதிவு செய்ய ஆசைப்பட்டார். எதைக் காட்டினாலும் தர்மமே போதும் என்றுவிட்டார். கடையிலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டு, உருகி உருகிப் பாடி முடித்தார். எனக்கே கண் கலங்கிவிட்டது. அந்த உணர்ச்சி வேகத்தில், "இப்போ பவுன்ஸ் பண்ணிடலாம் சார்" என்று சொல்லித் தொலைத்தேன். பதிவு செய்ததையெல்லாம் சேர்த்து ஒரே பாட்டாக வெளியே எடுப்பதற்கு எங்கள் தொழிலில் பவுன்ஸ் என்றுதான் பெயர். அது எனக்குத் தெரியும். செக் பார்த்தே தலை நரைத்தவருக்கு எப்படித் தெரியும்?

மனுஷர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்கே ஸ்ருதி விலகியது என்று கேட்டார். நான் விளக்குவதற்குள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் பெருமூச்சோடு சொன்னார்: "ஊரார் செக்கையெல்லாம் பவுன்ஸ் பண்ணினேன். இப்ப முருகன் என் பாட்டை பவுன்ஸ் பண்ணிட்டான்."

டிக் டிக்

முதலில் செலின் அக்காதான் ஜெயித்தார். ரயிலிலேயே பதிவு செய்வது என்று முடிவாகி, கடையின் பின்பக்கம் இருக்கும் சின்னப் பதிவு அறைக்குள் போனார். தாளம் பிசகாமல் இருக்க ஹெட்ஃபோனுக்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம் விடுவோம். அதற்கு க்ளிக் என்று பெயர். வகுப்பில் பிள்ளைகளைக் கணக்காக உட்கார வைக்கிற டீச்சர், அந்த டிக் டிக்குக்கு மட்டும் அடங்க மறுத்தார். யாரோ பின்னால் நின்று அவசரப்படுத்துகிற மாதிரி இருக்கிறதாம். சரி என்று அதை நிறுத்தினேன். பிறகு பாடினார் பாருங்கள், பக்கத்து மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்து வாசலில் நின்றுவிட்டார்.

நான் கைதட்டினேன். மரியதாஸ் அண்ணன் தட்டவில்லை. அவருக்கு வேறு கவலை. கோவிலில் அவர் கீபோர்டைப் பார்த்து வாசிப்பதே இல்லையாம்; மணப்பெண்ணைப் பார்த்துத்தான் வாசிப்பார். சில பெண்கள் ஓடி வந்துவிடுவார்கள். சிலர் புடவை தடுக்கி நின்றுவிடுவார்கள். சிலரைப் பாதி வழியில் சித்திமார்கள் பிடித்து முத்தம் கொடுப்பார்கள். அவள் பீடத்துக்கு வந்து சேரும்வரை கடைசி வரியை விடாமல் வாசித்து, வந்து நின்றதும் முடித்து வைப்பார். ரயில் அப்படிக் காத்திருக்காது. ஜெனி பாதி வழியில் இருக்கும்போது பாட்டு முடிந்துவிட்டால், மீதித் தூரத்தைச் செருப்புச் சத்தத்தில்தான் நடக்க வேண்டும். அவர் என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து, டாக்டரிடம் கேட்பதுபோல் கேட்டார்: "பொண்ணு எங்க வர்றான்னு பார்த்துக்கினே வாசிக்கற சாஃப்ட்வேர் ஏதாவது இருக்காமா?"

ஒன்றரைக் கட்டை

அந்தக் கேள்வியோடு நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் ஆனேக்கல்லிலிருந்து முனிரத்னம் வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர், அம்மன் திருவிழா என்றால் மைக் பிடிப்பவர். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் ஊறுகாய் தொட்டு, தெலுங்கில் முடிக்கிற பேச்சு. பாட்டும் அப்படியே. சாஃப்ட்வேரில் தன் சுருதியைப் போடச் சொன்னார். ஒன்றரைக் கட்டை. திரையில் இங்கிலீஷ் எழுத்துகள்தான் இருந்தன. ஒன்றரைக் கட்டை என்றால் இதில் 'சி ஷார்ப்' என்றேன். அவர் நம்பவில்லை. ஆர்மோனியத்தை எடுத்துவரச் சொல்லி, கட்டையை அழுத்தி, இரண்டு சத்தமும் ஒன்றுதானா என்று சரிபார்த்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

பிறகு மெனுவில் இருக்கும் பாஷைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். கடைசி வரை கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "ஜெர்மன்காரனுக்கு இருக்கு, ஜப்பான்காரனுக்கு இருக்கு. ஆனேக்கல்காரன் மட்டும் சும்னே கை கட்டிக்கினு கேக்கணுமா?"

சிரிக்கிற க்ளிக்

மரியதாஸ் அண்ணன் கேட்ட சாஃப்ட்வேர் இல்லை. ஆனால் பெண் எங்கே வருகிறாள் என்று பார்க்க என் கண் இருக்கிறது, கடைசி வரியைப் பிடித்து வைத்திருக்கக் கட்டம் இருக்கிறது. பாட்டைத் துண்டுகளாகக் கட்டத்தில் போட்டுவிட்டால், கோவிலில் நானே உட்கார்ந்து, ஜெனி பீடத்துக்கு வரும்வரை கடைசி வரியைச் சுற்ற விடுகிறேன் என்றேன். நாகராஜ் சார் லேப்டாப்பையும் தந்து, எனக்கு அன்றைக்கு லீவும் தருவதாகச் சொன்னார். பாட்டை நறுக்குவதற்குச் சம்மதிக்கச் செலின் அக்காவின் மனம் எவ்வளவு பாடுபட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு, பெண்ணுக்காகத்தானே என்றார்.

இதில் ஒரு சிக்கல். கடைசி வரி சுற்றிச் சுற்றி வர வேண்டுமானால் அதன் முடிவும் தொடக்கமும் தாளம் தவறாமல் ஒட்ட வேண்டும். அதற்கு க்ளிக் வேண்டும். அக்காவுக்கோ க்ளிக் ஆகாது. எத்தனை தடவை பாடினாலும் ஒட்டுகிற இடத்தில் பாட்டு தடுக்கி விழுந்தது. கடைசியில் மரியதாஸ் அண்ணன் தானே பதிவு அறைக்குள் போய், அக்காவுக்கு எதிரில் நின்றார். நான் அவர் காதில் க்ளிக்கைப் போட்டேன்; அவர் கோவிலில் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து தலையாட்டுவாரே, அதேபோல் அக்காவுக்குத் தலையாட்டினார். ஒரே தடவை. கச்சிதமாக ஒட்டியது. வெளியே வந்து அக்கா சொன்னார்: "இந்த க்ளிக் பரவாயில்லமா. இது என்னைப் பார்த்து சிரிக்குது."

வருகைப் பாட்டு

கல்யாணத்தன்று காலையில் பாடகர் குழுவோடு பீடத்துக்குப் பக்கத்தில், லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்தேன். மணி அடித்தது, எல்லோரும் எழுந்தார்கள், நான் முதல் கட்டத்தை அழுத்தினேன். கீபோர்டில் மரியதாஸ் அண்ணன் வாசித்தார். வாசலில் அதே மரியதாஸ் அண்ணன் கோட்டும் சூட்டுமாக மகள் கையைப் பிடித்து நின்றார். முதல் சரணம், இரண்டாவது சரணம், எல்லாம் ஒழுங்காகப் போனது. "வா மகளே, வாசல் உனதே" என்ற கடைசி வரியை நான் அழுத்தியபோது அவர்கள் பாதி வழி வந்திருந்தார்கள். இன்னும் இரண்டு சுற்றில் வந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

வரவில்லை. அண்ணனின் நடை சுருங்கியது. ஓர் அடி, ஒரு நிறுத்தம். இன்னோர் அடி. யாரும் முத்தம் கொடுக்கவில்லை, புடவையும் தடுக்கவில்லை. செலின் அக்காவின் குரல் கோவில் முழுக்க "வா மகளே, வாசல் உனதே" என்று சுற்றிக்கொண்டே இருந்தது. பாடகர் குழு என்னை முறைத்தது. ஃபாதர் கண்ணாடியைச் சரிசெய்து என்னைப் பார்த்தார். முன்வரிசையில் நின்ற அக்காவும், தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைத்தான் முதலில் பார்த்தார். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. இன்னும் பத்து சுற்று வேண்டுமானாலும் போகட்டும் என்று, பாட்டை முடித்து வைக்கும் கடைசிக் கட்டத்தின் மேல் தயாராக வைத்திருந்த விரலை எடுத்துவிட்டேன்.

ஒருவழியாகப் பீடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசிக் கட்டத்தை அழுத்தினேன். பாட்டு அழகாக முடிந்தது. அந்த அமைதியில் ஜெனி அப்பாவின் கையை விடாமல் கேட்டது எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது: "நாம வந்து சேர்ற வரைக்கும் பாட்டு முடியாதுன்னு தெரிஞ்சிக்கினுதானே டாடி இவ்ளோ மெதுவா நடந்தீங்க?"

அன்று மதியம் பிரியாணிப் பந்தியில் என்னைச் சுற்றி உட்கார்ந்து அந்தப் பாட்டை வாய் ஓயாமல் பேசிய அத்தனை பேரில் ஒருவர்கூட அது எந்த சாஃப்ட்வேர் என்று கேட்கவில்லை என்பதை, அதைக் கேட்பதற்காகவே என் எதிரில் மணிக்கணக்காக உட்காரும் நல்லவர்களின் கவனத்துக்குப் பணிவோடு கொண்டுவருகிறேன்.