தம்பியின் மெசினும் என் வாளியும்

என் தம்பி அவுஸ்திரேலியாவில் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்திருக்கிறான். சுட்டு முடிந்த பித்தளைத் தோட்டாக் கோதுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, திரும்பவும் வெடிமருந்து நிரப்புவார்களாம். கழுவுவதற்கென்றே ஒரு மெசின் வாங்கியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அதை அப்பாவுக்குக் காட்டினான். சின்ன உருளை ஒன்று மெல்லச் சுழன்றது. கறுத்துப்போய் உள்ளே போன கோதுகள் பளபளவென்று வெளியே வந்தன.

அப்பா துறைமுகக் கரையில் வள்ளங்களுக்கு எஞ்சின் பூட்டியே காலம் கழித்தவர். பழைய வால்வு, திருகாணி என்று ஒரு தகரப்பெட்டி நிறையப் பித்தளைச் சாமான் வைத்திருக்கிறார். உப்புக்காற்றில் அவை பச்சை பிடித்துவிடும். புளி போட்டுத் தேய்ப்பது நான்தான். நகக்கண்ணெல்லாம் எரியும். அதற்கு ஒருநாளும் அவர் ஒரு நல்ல சொல் சொன்னதில்லை. அன்றைக்கோ பக்கத்து வீட்டு மாமாவை வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

“வந்து பாருங்கோ, என்ர மகன்ட மெசினை!”

கடையில் வாங்கியதற்கு இவ்வளவு பெருமையும் புளுகமுமா? தையல் மெசினில் குனிந்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை. அன்று தைத்த சட்டையின் கையை மாறிப் பூட்டிவிட்டேன்.

அடுத்த நாளே நானும் அப்படி ஒரு மெசின் செய்யத் தொடங்கினேன். மூடியுள்ள பெயின்ற் வாளி ஒன்றைப் படுக்க வைத்து, கீழே சுழலும்படி இரண்டு குழாய்களைப் பலகையில் பொருத்தினேன். என் தையல் மெசின் மோட்டாரைக் கழற்றி ஒரு குழாயோடு பெல்ட்டால் இணைத்தேன். வாளி வழுக்கியது. குழாயில் சைக்கிள் டியூப்பைச் சுற்றினேன். பிறகு சுழன்றது, ஆனால் பாரம் தாங்காமல் மோட்டார் கருகி மணத்தது. பதறிப்போய் நிறுத்தினேன். அது என் சோறு அல்லவா?

வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் பழைய கால்மிதி மெசினின் இரும்புக் கால் கிடந்தது. அதன் சில்லையும் குழாயையும் பெல்ட்டால் இணைத்தேன். மிதித்தேன். வாளி கடகடவென்று உருண்டது. முதலில் அப்பாவின் பித்தளைச் சாமானோடு புளித்தண்ணீரும் சவர்க்காரமும். பிறகு கழுவி, ஈரம் உறிஞ்ச உமி போட்டு இன்னொரு தரம். மூடி ஒழுகி, சீலை முழுக்கப் புளி. ஆனாலும் திருகாணிகளின் புரிக்குள்ளே இருந்த பச்சைகூடப் போய்விட்டது.

அப்பா ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“தம்பிக்குப் படம் அனுப்பு, பிள்ளை.”

அவ்வளவுதான்.

அனுப்பினேன். அடுத்த நாள் தம்பி அழைத்தான்; அப்பா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, கழகத்து ஆக்களுக்குக் காட்டினனான். இதைச் செய்த ஆள் ஆரெண்டு எல்லாரும் கேக்கினம். நீங்கள்தான் எண்டு சொல்லிப்போட்டன்.”

அப்பா மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். போனைப் பறித்தேன்.

“நான் செய்தனான்! அப்பா ஒரு ஆணிகூட அடிக்கேல்லை.”

சின்னப்பிள்ளை மாதிரிக் கத்திவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

“குறை நினையாத அக்கா. நான் யோசிச்சிருக்க வேணும். சின்னனில என்ர சைக்கிள் செயினையும் நீதானே பூட்டித் தந்தனீ. எனக்கு உந்தக் கைவேலை ஒண்டும் ஏலாது. அதாலதான் கடையில வாங்கினனான். உன்னை நினைச்சா எனக்கு எப்பவும் பொறாமைதான்.”

அவனுக்கும் அப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ இளகத் தொடங்கியது. அப்பா போனை வாங்கி அழைப்பை முடித்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“பார் பிள்ளை, எவ்வளவு தன்மையாக் கதைக்கிறான். அவன்ட குணம் ஆருக்கு வரும்?”

மிச்சமிருந்த வால்வுகளை வாளிக்குள் கொட்டி, மூடியை இறுக்கிவிட்டு, அவர் பேச்சு கேட்காத அளவுக்கு வேகமாக மிதித்தேன்.