இன்னிக்குத் தண்ணி வரல

கன்னடப் பக்கம் இருக்கும் பேத்தமங்களா ஏரியில் காவலுக்கு இருந்தவரின் பெயரை நான் கேட்டதே இல்லை. ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருப்பார். சுரங்க ஊரான தங்க வயலிலிருந்து அந்த ஊர்ப் பள்ளிக்கு வேலைக்குப் போகும்போது தினமும் பார்ப்பேன். கரையில் நின்று, பாலாறு இறங்கிப் போகும் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் யாருக்கோ போன் செய்து உரக்கச் சொல்வார்: "இன்னிக்குத் தண்ணி வரல."

ஏரி வறண்டு கிடந்த ஒரு நாள் சிரித்துவிட்டேன். "தண்ணியே இல்லாதப்ப இன்னாத்துக்குங்க போன்?"

அவர் சிரிக்கவில்லை.

"காவிரிச் சண்டை நடந்த சமயங்க. ஏரி ரொம்பி வழிஞ்சிடிச்சி. கீழ ஆத்து மணல்ல பட்டி போட்டு ஆடு வச்சிருந்தான் என் சிநேகிதன். வெள்ளம் வந்தா நான்தான் சொல்வேன். அன்னிக்கு என் போன்ல சார்ஜ் இல்ல. கரையில கோஷம் போட்டுனு இருந்தவங்ககிட்ட போன் வாங்கினேன். அவங்க எதிர்ல தமிழ் பேச பயம். கன்னடத்துல சொன்னேன். அவனுக்குப் புரியல. ராங் நம்பர்னு வச்சிட்டான்."

"அப்புறம்?"

"ஆட்டை ஓட்ட எறங்குனவன் திரும்பலீங்க."

"இப்ப யாருங்க போனை எடுக்கறாங்க?"

"அவன் சம்சாரம். அன்னிக்குக் கன்னடத்துல பேசினது நான்தான்னு அதுக்குத் தெரியாது."

மறுநாளும் பார்த்தேன். "தண்ணி வரல" என்று சொல்லி முடித்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றிருந்தார்.