அவர் எழுந்தால் வெள்ளையாகும் பக்கங்கள்

இது கலப்படமே இல்லாத உண்மைக் கதை. சரி, சரி, காவலாளி அண்ணன் முறைக்கிறார், நர்ஸம்மா சிரிக்கிறாள். அங்கங்கே கொஞ்சம் தண்ணீர் ஊற்றியிருப்பேன். ஆள் நிஜம், அவருடைய அக்கா நிஜம். மற்றபடி என் வாயின் நீளம் இந்த ஆஸ்பத்திரிக்கே தெரியும்.

நான் இங்கே வண்டி ஓட்டுகிறவன். நான் பள்ளிக்கூடத்தை விட்ட அன்றைக்கு வாத்தியார்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள், சந்தோஷத்தில். அதனால் கம்ப்யூட்டர் சமாசாரத்தை என் மண்டையில் ஏறிய அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் இருந்தார். எதைச் சரிசெய்தாலும் "இன்னொரு தரம் பாத்துடுவோம்" என்பார். பெயரே 'இன்னொருதரம்' என்றாகிவிட்டது. தாய் போனபிறகு அவரை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். அவள் தைத்துக் கொடுத்த சட்டையைத் தவிர வேறு போட மாட்டார். அதில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அக்காவிடம் அதைச் சொல்ல மனசு வராமல், தோளைச் சாய்த்தே நடக்கப் பழகிக்கொண்டார்.

லேபில் டைப் அடிக்கும் ரிப்போர்ட்டுகளை சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர் பக்கம் பக்கமாகப் படமாக்கும். படமானால்தான் வெளியூர் டாக்டர்கள் தங்கள் போனில் பார்ப்பார்கள். அந்த சர்வருக்குள் நுழைய அவர் ஒருவருக்குத்தான் அனுமதி. அதற்குப் புது மென்பொருள் போட்ட வாரம், வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடந்த அக்காவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

காலையில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அக்கா போன் பண்ணினாள், ஸ்பீக்கரில் போட்டார்.

"கெளம்பிட்டியாடா தம்பி?"

"வண்டியில ஏறிட்டேன்க்கா."

"நீ ஏறிட்டேன்னு சொன்னா, இன்னும் பல்லே வெளக்கலன்னு அர்த்தம்."

சாட்சிக்கு நான் ஒரு ஹாரன் அடித்தேன். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

வாசலைத் தாண்டவில்லை, லேபிலிருந்து போன். பக்கமெல்லாம் வெள்ளையாக வருகிறதாம், ஓர் எழுத்து இல்லையாம். மேலே ஓடினார். பாஸ்வேர்டு போட்டு, தன் கணக்கில் உள்ளே நுழைந்து உட்கார்ந்தார். பக்கங்கள் பளிச்சென்று வந்தன. கணக்கை மூடிவிட்டு இறங்கினார். எழுந்திருக்குமுன் அவரவர் கணக்கை மூட வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். நோயாளிகளின் விஷயம், திறந்துபோட்டுவிட்டு வரலாமா?

பெட்ரோல் பங்க் போவதற்குள் மறுபடி போன். மறுபடி வெள்ளை. திரும்பினோம். அவர் உட்கார்ந்ததும் எல்லாம் சரியானது. பாலம் வரை போனோம். மறுபடி போன். வண்டி திரும்பித் திரும்பி ஸ்டீயரிங்குக்கே தலை சுற்றியது.

"இது டாக்டரைப் பாத்ததும் ஓடிப்போற பல்வலிண்ணே," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நிறுத்து. நான் இருந்தா ஓடுது, எழுந்தா நிக்குது."

"உங்க மேல அவ்வளவு ஆசையா?"

"இல்லப்பா. நான் சோதிச்சதெல்லாம் என் கணக்குக்குள்ளயே. நான் மூடினப்புறம் அது தனியா ஓடிப் பாக்கவே இல்ல. எனக்குன்னு அதுல ஒரு ஃபோல்டர் இருக்கு, புது மென்பொருள் தன் சாமானை அதுல வச்சு வேலை பாக்குது. யாரும் இல்லாதப்போ வைக்க இடமில்ல. வாயத் தெறந்து சொல்லாம வெள்ளையாத் தள்ளுது. அதுக்குன்னு தனியா ஒரு காலி ஃபோல்டர் போட்டா முடிஞ்சுது."

ஆஸ்பத்திரிக்கே திரும்பினோம், அவர் மேலே போனார். ஃபோல்டர் போட நொடி நேரம். கணக்கை மூடிவிட்டு, தானாக ஓடுகிறதா என்று பக்கத்திலேயே நின்று, இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் வண்டி சீட்டில் கிடந்தது. அடித்தது. நான் எடுத்தேன்.

"தம்பி?"

"டிரைவர்க்கா. அவர் மேல இருக்காரு, இதோ வந்துடுவாரு."

"அவனத் திட்டாத." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். "நான் தச்ச சட்டையா போட்டிருக்கான்?"

"ஆமாக்கா."

"கை சரியா இருக்கா?"

"அளவெடுத்த மாதிரி இருக்குக்கா."

"நல்லாத்தான் பொய் சொல்ற," என்றாள்.

பிறகு நான் ஓட்டிய ஓட்டத்தில் காற்றே பின்தங்கிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தபடி, "இப்பத்தான் மாப்ள," என்றார்.  நம்மாள் மாற்றப்படாத தலையணையில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. லேபிலிருந்து அவருக்குச் செய்தி வந்தது: எல்லாப் பக்கமும் நன்றாக வருகிறது.

நான் இவ்வளவுதான் சொன்னேன். காவலாளி அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பாலத்துலயே காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல? கணக்கத் தெறந்தே வச்சுட்டு வந்திருந்தா ரிப்போர்ட்டும் ஓடியிருக்கும், அக்காவையும் பாத்திருப்பாரு. சட்டமாம் சட்டம்!"

"தெறந்து கெடந்தா எவனாவது உக்காந்து ஒருத்தர் ரிப்போர்ட்ட மாத்திட்டா?" என்றாள் நர்ஸம்மா.

"மூணாம் மாடிக்கு எவன் வரப்போறான்?"

"உங்க வீட்டம்மா ரிப்போர்ட்டா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"என் வீட்டம்மாவ எதுக்கு இழுக்கற? கூடப் பொறந்தவ சாகக் கெடக்கா, இன்னொரு தரம், இன்னொரு தரம்னு நின்னது நியாயமா?"

"நிக்காமப் போயி, வெள்ளைப் பக்கத்தால வேற எவ அக்காவாவது செத்திருந்தா?"

"டேய் டிரைவரு, நீ சொல்லுடா!"

"அவரு என்னத்தச் சொல்வாரு, பாதி பொய்யி!"

"எந்தப் பாதிடி பொய்யி?" என்று நானும் எழுந்தேன்.