தொண்ணூற்று நான்கு படிகள்

எங்கள் கோச் ரோலண்ட் ஷிமான்ஸ்கிக்கு வலது முழங்காலில் மூன்று முறை கத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை தவறாமல் எங்கள் மைதானத்துப் பார்வையாளர் மாடத்தின் தொண்ணூற்று நான்கு படிகளையும் ஏறி இறங்குவார். பைத்தியக்கார மனுஷன். பதினோரு வருஷம் அவருடைய அணிக்கு ஹெல்மெட்டும் தோள்கவசமும் பழுதுபார்த்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

எங்களுடையது ஒஹாயோவில் ஏரிக்கரை ஊர். சம்பளம் வாங்கி அமெரிக்க ஃபுட்பால், அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம், ஆடும் அணிகளில் எங்களைவிடச் சின்னது எதுவும் கிடையாது. பையன்கள் பகலில் கிடங்கிலும் லாரியிலும் மாரடித்துவிட்டுச் சாயங்காலம் வந்து ஒருவரை ஒருவர் முட்டிக்கொள்வார்கள். சனிக்கிழமை ஆட்டம். திங்கட்கிழமை அந்த ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்ப்போம். எல்லா அணியிலும் இது உண்டுதான். மற்ற கோச்சுகளுக்கு அது ஆட்களை வறுத்தெடுக்கிற நேரம். ரோலண்ட் மட்டும் முதலில் தன் தப்பைத்தான் ஓட்டிக் காட்டுவார்.

அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார். தப்பை எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டவன் நாற்காலியிலேயே இருக்கலாம். மறைத்து மாட்டிக்கொண்டவன் படி ஏற வேண்டும். கோச் மட்டும் ஒத்துக்கொண்டாலும் ஏறுவார். ஏன் என்று கேட்டால், தலைவனுக்குத் தள்ளுபடி கிடையாது என்பார்.

இந்த ஆள் இப்படி இறங்கிப்போனால் பையன்கள் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள் என்று முதல் வருஷம் நான் ஊரெல்லாம் புலம்பினேன். நடந்ததே வேறு. ஹெல்மெட் வாரை அறுத்துவிட்டு என் மேல் பழி போட்டுக்கொண்டிருந்த தடியன்கள், "பெருசு, நான்தான் இழுத்து அறுத்துட்டேன்" என்று தாங்களாகவே வந்து நின்றார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

போன பருவத்தின் கடைசிக்கு முந்தின ஆட்டம். நாங்கள் இரண்டு புள்ளி முன்னால். கடைசி நொடியில் எதிரணி கம்பங்களுக்கு நடுவே உதைக்கிறது, உள்ளே போனால் அவர்களுக்கு மூன்று புள்ளி; பந்து விலகிப்போகிறது, ஜெயித்துவிட்டோம் என்று குதிக்கிறோம். பார்த்தால் புல்லில், தப்பு நடந்துவிட்டது என்று நடுவர் எறிந்த மஞ்சள் கொடி கிடக்கிறது. பதினொரு பேர் நிற்க வேண்டிய இடத்தில் எங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர். ஐந்து கெஜம் முன்னால் தள்ளி வைத்து மறுபடி உதைக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை உள்ளே போய்விட்டது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

பன்னிரண்டாவது ஆள் ஏமோஸ் டில்லார்ட். முன்வரிசையில் மலைபோல் நிற்பவன், அணிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் முதலாளி க்ளிஃபர்ட் ஹேன்ராட்டிக்கு ஊரில் ஐந்து மெத்தைக் கடை. வருஷம் முழுக்கத் தள்ளுபடி என்று வாசலில் பலகை தொங்கும். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமையே கோச்சைக் கூப்பிட்டு, எண்ணத் தெரியாதவனை இன்றைக்கே அனுப்பிவிடு என்றார். நாளைக்கு வீடியோ பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் ரோலண்ட்.

திங்கட்கிழமை எல்லாரும் வீடியோ அறையில் கூடினோம். ஏமோஸ் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். வீடியோ ஓடியது. மைதான ஓரத்தில் ஏமோஸ் நிற்கிறான். திரையின் மூலையில் ஒரு கை வந்து அவன் முதுகில் வைத்து உள்ளே தள்ளுகிறது. ரோலண்ட் அங்கேயே நிறுத்தினார்.

"இது யார் கைன்னு தெரியுதா? என் கை. அவசரத்துல எண்ணாம தள்ளிவிட்டுட்டேன். இவன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கையை ஒருவனும் கவனித்திருக்க மாட்டான், நான் உட்பட. சொல்லிவிட்டு நொண்டி நொண்டிப் படியேறப் போய்விட்டார். மறுநாள் முதலாளி தீர்த்துச் சொன்னார்: ஏமோஸை அனுப்ப முடியாதென்றால் சனிக்கிழமை ஜெயித்துக் காட்டு, தோற்றால் உனக்கும் சேர்த்து இதுதான் கடைசி ஆட்டம்.

அந்தச் சனிக்கிழமைதான் பருவத்தின் கடைசி ஆட்டம். ஆறு நொடி பாக்கி. நான்கு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு இரண்டு கெஜத்தில் பந்து, அதைத் தாண்டினால் ஆறு புள்ளி. கோச் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் ஓரத்துக்குக் கூப்பிட்டார். இந்த மாதிரி இடத்தில் ஏமோஸ் இடித்து வழி விட, அவன் முதுகுக்குப் பின்னால் பந்தோடு ஓடுவதுதான் எங்கள் வழக்கம். எங்கள் ஊர்த் தபால்காரருக்குக்கூட அது தெரியும். கோச்சும் அதையேதான் சொல்ல வாயெடுத்தார்.

ஏமோஸ் குறுக்கே பேசினான். "கோச், என் பக்கம் வேணாம். வலது தோள் மரத்துப்போச்சு. அரைமணி நேரமா மறைச்சு வச்சிருந்தேன். என் பின்னால ஓடினா செத்தோம்."

எங்கள் ஆட்டத்தில் உடம்பு முடியவில்லை என்று எவனும் சொல்ல மாட்டான். எலும்பு முறிந்தும் ஆடியவனை எனக்குத் தெரியும். வேலை போகிற நிலையில் இருக்கிற ஒருவன், அத்தனை பேர் முன்னால் இதைச் சொல்ல என்ன நெஞ்சு வேண்டும்!

ரோலண்ட் முறைக்கக்கூட இல்லை. "நல்ல வேளை சொன்ன. நீ இடிக்க வேணாம், வழக்கமான இடத்துல போய் நில்லு, போதும். அவங்க எல்லாரும் உன்னைத்தான் பார்ப்பாங்க. நாம இடது பக்கம் போயிடலாம்."

அப்படியே நடந்தது. எதிரணி மொத்தமும் ஏமோஸ் மேல் போய் விழுந்தது. பந்து வைத்திருந்த எங்கள் பையன் இடது பக்கமாகக் கோட்டைத் தாண்டினான். அவனைத் தொடக்கூட ஆளில்லை. நான் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டிகளை வானத்தில் எறிந்துவிட்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கேவிக் கேவி அழுதேன்.

திங்கட்கிழமை கேக் வெட்டிக் கொண்டாடுவார்கள் என்று நினைத்துப் போனேன். ரோலண்ட் வழக்கம்போல வீடியோவைப் போட்டு நிறுத்தினார். திரையில் ஏமோஸின் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. "இது மூணாவது கால் ஆட்டத்துலயே தெரியுது. நான்தான் பார்க்கல. பார்த்திருந்தா அவனை அப்பவே உட்கார வச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்தார். ஜெயித்த வாரத்திலும் படியா என்று எனக்குக் கோபமே வந்தது.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு கனைப்பு. முதலாளி ஹேன்ராட்டி, கோட்டு சூட்டோடு. எப்போது வந்து உட்கார்ந்தாரோ.

"அந்தப் பையனை அனுப்பச் சொன்னது என் தப்பு" என்றார். சொல்லிவிட்டு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒத்துக்கொண்டவன் உட்காரலாமே, அந்தத் தெம்பு.

கட்டுப்போட்ட தோளோடு ஏமோஸ் எழுந்து கதவைத் திறந்து பிடித்தான். "வாங்க முதலாளி. தலைவனுக்கு இங்க தள்ளுபடி கிடையாது."

சிரிப்பில் அறையே அதிர்ந்தது. பளபளக்கும் தோல் ஷூவோடு மெத்தைக்காரர் ஏற, பக்கத்தில் நொண்டிக்கொண்டு கோச் ஏற, பின்னாலேயே ஒருத்தர் பாக்கியில்லாமல் மொத்த அணியும் ஏறியது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் தொண்ணூற்று நான்கு படியும் ஏறினேன்.